அட்டவணை கேட்காத கேள்விகள்: ரத்த அழுத்தம் உள்ள ஒரு சமையல்காரரின் இதய ஆபத்தைக் கணித்த விதம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் நடத்தும் சிறிய மருத்துவமனையில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் இதில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிரஷர் நோயாளிகளை நாள்தோறும் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டில் பிரஷர் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். இதில் நான் எடுத்த முதல் முடிவு தவறு. அதனால்தான் எழுதத் தோன்றியது.

பின்னணி

அந்தச் சமையல்காரப் பெண்ணுக்கு 52 வயது. கல்யாணச் சமையலும் பலகாரம் போடுவதும் தொழில். முகூர்த்த மாதங்களில் விடியற்காலை மூன்று மணிக்குக் கோட்டை அடுப்பு மூட்டினால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் வேறு மாதிரி வேலை. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று போட்டுக்கொண்டே இருப்பார். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகும்.

அந்த வீட்டு ஆச்சிக்கு 74 வயது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். முப்பது வருடமாக இவர்தான் அந்த வீட்டுச் சமையலுக்கும் துணைக்கும் வந்துபோகிறார். ஆச்சியைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆச்சிக்கும் பிரஷர் உண்டு. மாதம் தவறாமல் ஆச்சியைக் கைபிடித்து எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தவர் இவர்தான். நாலு வருடமாக எங்கள் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருமுறைகூட நாங்கள் இவர் கையில் பிரஷர் பட்டை கட்டிப் பார்த்ததில்லை.

தீக்காயத்தோடு வந்த நாள்

புரட்டாசிக் கடைசியில் ஒரு மாலை, இடது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த காயத்தோடு வந்தார். காயத்துக்கு மருந்து போடும்போது எங்கள் செவிலியர் வழக்கப்படி வலது கையில் பிரஷர் பார்த்தார். 162/98.

இந்த எண்ணை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. காயம் எரிகிறது. முதுகுக்குச் சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நடந்து வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதெல்லாம் போக இன்னொன்றையும் செவிலியர் கவனித்தார். பட்டை அவர் கையைச் சுற்றி வந்து கடைசி விளிம்பில்தான் ஒட்டியது. நாடா வைத்து அளந்தால் கைச்சுற்று 34 செ.மீ. எங்கள் கருவியோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்குமானது. முப்பது வருடம் அண்டாவில் கரண்டி போட்டுக் கிளறிய கை அது. பட்டை சிறியதாக இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னோம். "தீவாளி முடியட்டும் டாக்டரம்மா, சட்டிய விட்டுட்டு வரமுடியாது" என்றார். சொன்னபடி தீபாவளி முடிந்துதான் வந்தார். நடுவில் அத்தனை நாளும் அடுப்பு முன்னால்தான் இருந்தார்.

அளவைச் சரியாக எடுத்தோம்

அதற்குள் பெரிய பட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தோம். இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்தோம். சாய்மானம் உள்ள நாற்காலி, பாதம் தரையில், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில், ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் ஓய்வு. வருவதற்கு முன் அரைமணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். முதல்முறை இரண்டு கையிலும் பார்த்ததில் வலது 150, இடது 144. அதற்கப்புறம் எப்போதும் வலது கைதான். இரண்டு நாள் சராசரி 148/92.

மருத்துவமனையில் மட்டும் ஏறிவிட்டு வீட்டில் சரியாக இருப்பவர்கள் நிறைய. எங்கள் ஆச்சியே அப்படித்தான்: இங்கே 170, வீட்டில் 132. அதனால் கருவியையும் பெரிய பட்டையையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினோம். காலை இரண்டு, மாலை இரண்டு என ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடுவது முறை. எழுதி வைக்கும் வேலையை ஆச்சி எடுத்துக்கொண்டார். ஒரு பழைய கணக்கு நோட்டில், மேல் அளவை வரவுப் பத்தியிலும் கீழ் அளவை பற்றுப் பத்தியிலும், தேதியும் நேரமும் போட்டு ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு வந்தார். நான் பார்த்த வீட்டு பிரஷர் குறிப்புகளில் அவ்வளவு சுத்தமானது வேறில்லை. சராசரி 146/90. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. ஆக, பிரஷர் இருப்பது உறுதி.

அட்டவணை சொன்னதும் நான் செய்ததும்

பிரஷர் இருக்கிறது என்பது ஒரு விஷயம். அந்த பிரஷர் உள்ளவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு விஷயம். 150 இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஆபத்து மற்றவரைப்போல் நாலு மடங்கு இருக்கலாம். மருந்து எத்தனை, கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா, எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஆபத்தை வைத்துத்தான் முடிவாகும்.

1948-ல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரத்தில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்விலிருந்துதான் இந்தக் கணக்கு முறை வளர்ந்து வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களின் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 21 வட்டாரங்களுக்குத் தனித்தனியாக அட்டவணை வெளியிட்டது. தெற்காசியாவுக்கான அட்டவணையை நாங்கள் பயன்படுத்துகிறோம். வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, மேல் அளவு, சர்க்கரை நோய் உண்டா, மொத்தக் கொலஸ்ட்ரால் என்று ஆறு விவரம் போதும். ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லாத இடங்களில் உடல் எடைக் குறியீட்டை வைத்துப் பார்க்கும் வடிவமும் உண்டு. அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு அல்லது பக்கவாதம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அடர்சிவப்புக் கட்டங்களில் சொல்லும்.

இவருக்கு: 52, பெண், புகைப்பதில்லை, 148, சாப்பிடும் முன் சர்க்கரை 108 (எனவே சர்க்கரை நோய் இல்லை), மொத்தக் கொலஸ்ட்ரால் 212. கட்டம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே காட்டியது.

பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை 5 மி.கி. ஒன்று எழுதினேன். "உப்பைக் குறைங்கக்கா, பயப்பட ஒண்ணுமில்லை, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினேன். பிரஷர் என்று உறுதியான எவருக்கும் ஈசிஜியும், சிறுநீரில் புரதமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆபத்து குறைவுதானே, அவருக்கும் ஒரு நாள் கூலி போகிறதே, அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். கூலி போவது உண்மைதான். ஆனால் தள்ளிவைத்ததற்கு நிஜமான காரணம் அந்தக் கட்டத்தின் நிறம்.

தை மாதம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் அவருக்கு உடம்பு நன்றாக இருந்ததாம். தை பிறந்து மூன்று முகூர்த்தம் முடிந்ததும், கணக்கு வைத்த மூன்று மாதத்துக்கு முன்னாலேயே, ஆச்சி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தமுறை கைபிடித்து வந்தவர் ஆச்சி.

கணுக்கால் இரண்டிலும் வீக்கம். அம்லோடிபினுக்குத் தெரிந்த பக்கவிளைவுதான். "பிரஷர் மாத்திரை கிட்னியக் கெடுத்துருச்சு" என்று யாரோ சொல்லி, இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். இப்படி வீக்கம் வரலாம், வந்தால் நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று பிரஷர் 164/100.

இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லவே மனமில்லாமல் சொன்னார். "குண்டானத் தூக்கிட்டு முகப்புப் படி ஏறுனா மூச்சு வாங்குது. முன்னெல்லாம் ரெண்டு தடவ ஏறுவேன்." நெஞ்சு வலி இல்லை. தோள், தாடைப் பக்கம் இறுக்கம் இல்லை. படுத்தால் மூச்சு முட்டவில்லை.

மிச்சமெல்லாம் அவர் உள்ளே வந்து என்னிடம் சொன்னதல்ல. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வெளிவந்தது. எங்கள் செவிலியர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்: இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, பையின் அடியிலிருந்து ஒரு துண்டுப் புகையிலையைப் பிய்த்து உள்ளே வைத்து மடித்திருக்கிறார். எத்தனை வருசமாக்கா என்று செவிலியர் கேட்டதற்கு, "அடுப்படிக்கு வந்த நாள்லேர்ந்து. தூக்கம் வராம இருக்கணும்ல" என்று பதில். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. அட்டவணை கேட்டது புகைக்கிறாரா என்று. நானும் அதைத்தான் கேட்டேன். அவர் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை.

செவிலியர் அதோடு விடாமல் பேச்சுக் கொடுத்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றவர், கொஞ்சம் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த தம்பி 43 வயதில் "தூக்கத்துலயே போயிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். அது இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அப்போது ஆச்சி குறுக்கிட்டு, "மூத்தவனப் பெத்தப்ப வலிப்பு வந்து பெரியாஸ்பத்திரிக்கு வண்டி வச்சுத் தூக்கிட்டுப் போனோமே, அதச் சொன்னியா?" என்று கேட்டார். கைகால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி, எட்டாம் மாதத்தில் வலிப்போடு பிரசவம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அவருக்கு அது பிள்ளைப்பேற்றுக் கதை, நோய்க் கதை அல்ல. நான் கேட்டிருந்தால்தான் சொல்லியிருப்பார்.

கடைசியாக முழங்கால் வலி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், முகூர்த்த நாட்களில் இரண்டு வேளையும். இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். எழுதிக் கொடுக்காத மாத்திரையை "வேற மாத்திரை சாப்பிடுறீங்களா" என்ற கேள்விக்கு யாரும் மாத்திரையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னால்தான் தெரிகிறது.

பரிசோதனைகள்

அன்றே ஈசிஜி எடுத்தோம். இடது கீழறைத் தசை தடித்திருப்பதற்கான அடையாளம் தெளிவாக இருந்தது. நெஞ்சில் ஒட்டும் மின்முனைகளில் (லீடுகளில்) முதல் லீடின் கீழ்நோக்கிய அலையையும் ஐந்தாவது லீடின் மேல்நோக்கிய அலையையும் கூட்டினால் 41 மி.மீ. 35-க்குள் இருக்க வேண்டும். ஐந்து, ஆறாவது லீடுகளில் அலைகளுக்கு நடுவே வரும் எஸ்டி கோடு சரிந்திருந்தது. பல வருடம் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத் தசை தடித்துவிட்டது என்று அர்த்தம். அதாவது பிரஷர் புரட்டாசியில் வந்ததல்ல. நாங்கள் பார்த்ததுதான் புரட்டாசியில்.

அடுத்த நாள் ஆய்வகத்திலிருந்து வந்தவை: சிறுநீரில் எவ்வளவு புரதம் (ஆல்புமின்) போகிறது என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 86 (30-க்குள் இருக்க வேண்டும்). கிரியாட்டினின் 0.9, பொட்டாசியம் 4.2, இரண்டும் சரி. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.2, சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வேண்டும். கெட்ட கொழுப்பு 138, நல்ல கொழுப்பு 38, டிரைகிளிசரைடு 180. இடுப்புச் சுற்று 91 செ.மீ.; நம் நாட்டுப் பெண்களுக்கு எல்லை 80.

காரைக்குடியில் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுத்தோம். இடது கீழறையின் எடைக் குறியீடு 112. பெண்களுக்கு 95-ஐத் தாண்டக் கூடாது. பம்ப் செய்யும் திறன் 62 சதவீதம், நன்றாகவே இருந்தது. தசை தளர்ந்து விரிவதில் மட்டும் தாமதம். மூச்சு வாங்கியதற்கு ஒரு காரணம் அதுதான்.

ஒரு காரணம் கிடைத்தது என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெண்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு பல நேரம் நெஞ்சு வலியாக வராமல் மூச்சிரைப்பாகவே வரும். டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கலாமா என்று யோசித்தேன். ஈசிஜியில் ஏற்கெனவே எஸ்டி கோடு சரிந்திருப்பவர்களுக்கு டிரெட்மில் முடிவை நம்ப முடியாது. மதுரையில் இதய மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார். செலவில் பெரும்பகுதியை ஆச்சியின் மகன் ஏற்றுக்கொண்டார். முன்புறம் இறங்கும் முக்கியக் குழாயில் 40 சதவீதம் அளவுக்கு ஒரு படிவு. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு இல்லை. ஸ்டென்ட் தேவையில்லை, மருந்து போதும் என்றார்.

மறுபடி கணித்தது

திரும்பி வந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அட்டவணையில் தவறே இல்லை. அது கேட்ட ஆறு கேள்விக்கும் சரியான பதிலைத்தான் போட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் அவர் எல்லைக்கு ஓர் அடி இந்தப் பக்கம் நின்றிருந்தார்: சர்க்கரை 'இல்லை', புகை 'இல்லை', கொலஸ்ட்ரால் நடுக்கட்டம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே, கட்டம் காட்டுவதைவிட ஆபத்து கூடுதலாக இருக்கக்கூடியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்னும் பெண்களுக்கு 65 வயதுக்கு முன்னும் இதய நோய் வந்திருப்பது, நல்ல கொழுப்பு குறைவு, டிரிகிளிசரைடு கூடுதல், சிறுநீரில் ஆல்புமின், வறுமை. எல்லாமே அதில் இருக்கின்றன. நான் படித்ததுதான். நிறக்கட்டங்கள் உள்ள பக்கத்தை மட்டும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, இந்தப் பக்கத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். நோயாளியைப் பார்க்கும்போது கண் சுவருக்குத்தான் போகும்.

கர்ப்பகால ரத்த அழுத்தமும் வலிப்பும் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2011-ல் அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கான வழிகாட்டியில் அதை ஆபத்துக் காரணியாகவே சேர்த்தது. 2018-ல் அங்கே வந்த கொலஸ்ட்ரால் வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியாக இருப்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. மாரடைப்பு பற்றி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி இருந்தது. அதே ஆய்வில் புகையிலை மெல்லுபவர்களுக்கும் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தது.

இரண்டு மடங்கு, இன்னொரு இரண்டு மடங்கு என்று இவற்றையெல்லாம் பெருக்கிக்கொண்டே போகக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை அவை. அப்படிப் பெருக்க வேண்டிய தேவையும் இல்லை. இதயத் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிந்த உடனேயே அவர் கூடுதல் ஆபத்துள்ளவர். குழாயில் படிவைக் கண்ணால் பார்த்த பிறகு அட்டவணையின் வேலை முடிந்துவிடுகிறது. இன்னும் நோய் தெரியாதவர்களுக்கு ஆபத்தைக் கணிக்கத்தான் அது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அம்லோடிபினை 2.5 மி.கி.யாகக் குறைத்து, இன்னொரு வகை பிரஷர் மருந்தான டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்த்தோம். சிறுநீரில் ஆல்புமின் போகிறவருக்கும் தசை தடித்தவருக்கும் இந்த வகை மருந்தால் கூடுதல் பயன். அம்லோடிபினால் வரும் கால் வீக்கத்தையும் அது குறைக்கும். ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது நல்லது. இரண்டு வாரம் கழித்துக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தோம், மாற்றமில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. தொடங்கினோம். கெட்ட கொழுப்பை 70-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. ஆஸ்பிரின் கொடுக்கவில்லை. வலி மாத்திரையால் வயிற்றுப் புண் வந்து முன்பு ஒருமுறை ரத்தக்கசிவு ஏற்பட்டவர் என்பதால் மதுரை மருத்துவரும் வேண்டாம் என்றார். டைக்ளோஃபெனாக்கை முற்றிலும் நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமால், தொடைத் தசைக்குப் பயிற்சி. பலகாரம் போடத் தரையில் உட்காராமல் உயரமான மனையும், அதற்கேற்ற அடுப்பும். அடுப்பு உயரத்தை ஆச்சிதான் ஆள் வைத்து மாற்றினார்.

உப்பு விஷயத்தில் "குறைங்க" என்று சொன்னதில் பயன் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சமையல்காரரிடம் உப்பைக் குறை என்றால், ருசி கெடும் என்றுதான் காதில் விழும். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வரும்? 24 நாள். எத்தனை பேர்? மூணு பேர். ஆயிரம் கிராமை 24 நாளுக்கும் மூன்று பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 கிராம். கொஞ்சம் கஞ்சியோடும் கழுவும் தண்ணீரோடும் போகும், சரி. ஆனால் ஊறுகாயும் மோர்மிளகாயும் வற்றலும் இந்தக் கணக்கில் இல்லை. இருக்க வேண்டியது 5 கிராமுக்குள். நூறு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு உப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவர் அவர். கணக்கு உடனே பிடிபட்டது. "பாக்கெட்ட ஒன்றரை மாசத்துக்கு இழுத்துப் பாக்குறேன்" என்றார். இலக்கை அவரே வைத்துக்கொண்டார்.

புகையிலைதான் கஷ்டம். விடியற்காலை வேலையில் தூக்கத்தை விரட்ட அவருக்கு இருந்த ஒரே துணை அது. மாரடைப்பு வரும் என்று பயமுறுத்தி நிறுத்தச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தம்பி எப்படிப் போயிருக்கக்கூடும் என்பதை மட்டும் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சுருக்குப்பையை ஆச்சியிடம் கொடுத்தார்.

தொடர்ந்த ஓராண்டு

மூன்று மாதத்தில் வீட்டுச் சராசரி 132/82. ஆறு மாதத்தில் 126/78. வீக்கம் வற்றிவிட்டது. கெட்ட கொழுப்பு 138-லிருந்து 74-க்கு வந்தது. இலக்கைத் தொடாததால் அட்டோர்வாஸ்டாடினை 40 ஆக்கினோம், அடுத்தமுறை 66. ஆல்புமின் விகிதம் 86-லிருந்து 34. ஓராண்டு கழித்து எடுத்த எக்கோவில் கீழறை எடைக் குறியீடு 101. இன்னும் இயல்புக்கு வரவில்லை, ஆனால் தடித்த தசை மெலிகிறது. முகப்புப் படியில் குண்டானோடு ஒருமுறை ஏறி இறங்க முடிகிறது. இரண்டாவது முறைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உப்புப் பாக்கெட் 38 நாள் வந்தது. அதாவது ஆளுக்கு 9 கிராம் சுமார். புகையிலையை நாலு மாதம் தொடவில்லை. வைகாசியில் அடுத்தடுத்து வந்த ஐந்து முகூர்த்தத்தில் திரும்ப ஆரம்பித்து, ஆடியில் மறுபடி நிறுத்தினார். இதை எழுதும்போது நிறுத்தியே இருக்கிறார்.

மாத்திரை தவறியதும் உண்டு. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவரைச் சேர்த்திருந்தோம். தன்னார்வலர் பகலில் வீட்டுக்கு வருவார். பகலில் இவர் வீட்டில் இருக்க மாட்டார். இரண்டு மாதம் பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார் அந்தப் பெண். பிறகு மாத்திரையை ஆச்சி வீட்டில் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தோம். பிரஷர் மாத்திரை அங்கே வருகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையை எங்களிடம் வாங்கிக்கொள்கிறார்.

இன்னொரு விளைவை நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி விஷயம் வீட்டில் பேச்சாகி, அவருடைய தங்கை தானாக வந்தார். 47 வயது, 156/96, கெட்ட கொழுப்பு 171. மூத்த மகன், அந்தப் பிரசவத்தில் பிறந்தவர், இப்போது 31 வயது, 138/88. அவருக்கு மருந்து தொடங்கவில்லை. சிகரெட்டை விடச் சொல்லி, வீட்டு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது மாற்றியிருப்பவை

பிரஷர் உறுதியான அன்றே, நிறம் எதுவாக இருந்தாலும், ஈசிஜியும் சிறுநீர் ஆல்புமினும் கிரியாட்டினினும் எடுத்துவிடுகிறோம். இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, இவருக்குத் தாமதமாகத் தெரிந்ததன் விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. கூலி போகாமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்கிறோம். முகூர்த்த ஞாயிறாக இருந்தால் அதற்கு முந்தைய புதன்.

வீட்டு அளவை வேலை இல்லாத வாரத்தில் மட்டும் எடுப்பதில்லை. இவரை நாங்கள் ஐப்பசிக் கடைசியில், அடுப்பு ஓய்ந்த வாரத்தில் அளந்தோம். முகூர்த்த வாரத்தில் அளந்திருந்தால் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது வேலை வாரம் ஒன்று, ஓய்வு வாரம் ஒன்று என்று இரண்டு முறை எடுக்கச் சொல்கிறோம்.

நோயாளியோடு துணைக்கு வருபவர் 30 வயதைத் தாண்டியவராக இருந்தால் அவருக்கும் பிரஷர் பார்க்கிறோம். பெஞ்சில் நாலு வருடம் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

அப்புறம், சுவரில் இருக்கும் நிறக்கட்டத்துக்குக் கீழே செவிலியர் தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். வெற்றிலையில் புகையிலை வைப்பீர்களா? பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷரோ வலிப்போ வந்ததா? அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா? வலிக்கு என்ன மாத்திரை, பையில் இருக்கிறதா? எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, போன வருடம் எத்தனை? இந்தக் கேள்விகளை நான் கேட்பதில்லை. வெளியே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்து, அவர்தான் கேட்கிறார். பதிலைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிய பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வருகிறது.